பாம்பின் தாடையில் கறுப்புப் புள்ளிகள்: செல்லப்பிராணி மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகன் பெர்த்தில் படிக்கிறான். அங்கே முறையாக உரிமம் வாங்கி ஒரு ஸ்டிம்சன் மலைப்பாம்பு வளர்க்கிறான். ஒரு மீட்டர்கூட இருக்காது, சாதுவான பிராணி. சில நாட்களாக அது தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வருவதில்லையாம். வீடியோ அழைப்பில் காட்டினான். தாடைக்கு அடியில் மிளகுத்தூளைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தை வாங்கி அடிக்கப் போகிறானாம். நான் வேப்பெண்ணெய் தடவச் சொன்னேன். அடுத்த மாதம் அவனைப் பார்க்கப் போகிறேன். தேக்காவில் நல்ல வேப்பெண்ணெயாக வாங்கிக்கொண்டு போகட்டுமா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: வேப்பெண்ணெயும் வேண்டாம், நாய் மருந்தும் வேண்டாம். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்பு மகனை உங்களுக்கு ஃபோன் செய்யச் சொல்லுங்கள். இந்தப் பதிலை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நான் படித்ததும் பெர்த்தில்தான், மர்டோக் பல்கலைக்கழகத்தில். படிப்பு முடிந்து சில ஆண்டுகள் அங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். மலைப்பாம்புகள் நிறைய வரும். உங்கள் மகன் பார்த்த கறுப்புப் புள்ளிகள் சிற்றுண்ணியாக (மைட்) இருக்கலாம், பாம்பின் இரத்தம் குடிக்கும் மிகச் சிறிய உண்ணி அது. சிற்றுண்ணி பிடித்து வந்தவை பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. என்னைக் கலங்கவைத்தவை, சிற்றுண்ணிக்கு வீட்டில் எதையோ அடித்து, உடம்பு நடுங்க நடுங்கக் கொண்டுவரப்பட்ட பாம்புகள்தான். அதனால் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மற்ற கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டு இதற்கு உட்கார்ந்தேன்.

முதலில், அது சிற்றுண்ணிதானா என்று பார்க்கவேண்டும். தோல் உரிக்கப்போகும் பாம்பும் தண்ணீரில் கிடக்கும். கூண்டில் வெப்பம் அதிகமானாலும் கிடக்கும். ஒரு வெள்ளைக் காகிதக் கைக்குட்டையை ஈரமாக்கி, தாடையின் அடிப்பக்க மடிப்பிலும் கண்ணைச் சுற்றியும் மெதுவாகத் துடைக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளிகள் ஒட்டி, அவை நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் அதே புள்ளிகள் மூழ்கிக் கிடக்கும். செதில்களின் மேல் சாம்பல் படிந்தது போல வெள்ளைத் தூள் தெரிந்தால், அது அவற்றின் எச்சம். பாம்பு தண்ணீரிலேயே கிடப்பது அரிப்பு தாங்காமல்தான். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியிலிருந்து அவை விழுந்துவிடும், அல்லது தலைப் பக்கம் ஏறிவிடும். தாடையில் கூட்டமாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தச் சிற்றுண்ணிக்கு அறிவியல் பெயர் ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ். வளர்ப்புப் பாம்புகள் உள்ள எல்லா நாடுகளிலும் இருக்கிறது. அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் வைத்தியம் பாதி புரிந்துவிடும். முட்டை, பிறகு குஞ்சு, அதன்பின் இரண்டு இளம் பருவங்கள், கடைசியில் வளர்ந்த உண்ணி. இவற்றில் முதல் இளம் பருவமும் வளர்ந்த உண்ணியும் மட்டுமே இரத்தம் குடிக்கும். வயிறு நிறைந்ததும் பெண் உண்ணி பாம்பை விட்டு இறங்கி, கூண்டின் இருட்டான, ஈரப்பதமான இடுக்கில் போய் முட்டையிடும். ஒரு பெண் தன் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டை வரை இடும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணியாக இரண்டு மூன்று வாரங்கள் போதும். பாம்புக் கூண்டில் நாம் காட்டுகிற வெப்பமும் ஏறக்குறைய அதுதான்.

ஆக, உங்கள் மகன் பாம்பின் மேல் பார்ப்பது ஒரு பகுதியைத்தான். மற்றவை கூண்டில் இருக்கின்றன. மரப்பட்டைத் துகளுக்குள், கண்ணாடிக் கதவு ஓடும் பள்ளத்தில், வயர் நுழையும் ஓட்டையில், ஒளிந்துகொள்ள வைத்த மரத்துண்டின் வெடிப்பில். எவ்வளவு நல்ல மருந்தானாலும், பாம்புக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பழைய கூண்டிலேயே விட்டால், மூன்று வாரத்தில் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: மருந்தைவிடக் கூண்டைச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. அதைச் சரியாகச் செய்கிறவனுக்கு மருந்தும் கொஞ்சமே தேவைப்படும்.

இன்றே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். மூடியில் காற்றோட்டத்துளை உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டும், 28 முதல் 30 டிகிரி. பாம்பின் உடம்புப் பருமனுக்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது. தலையைத் தூக்கி வைக்க வசதி இருக்கவேண்டும். இருபது நிமிடம் போல அதில் விடலாம், ஆனால் அந்த நேரம் முழுக்க அவன் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஃபோனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகக்கூடாது. பாம்பு குளிக்கும் தண்ணீரில் சோப்பு வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரப் பஞ்சுக்குச்சியால் தாடை மடிப்பு, கண் விளிம்பு, உதட்டோரக் குழிகள், கழிவுத்துளை ஆகிய இடங்களைத் துடைக்கவேண்டும். கண்ணை அழுத்தவேண்டாம். இரை விழுங்கி இரண்டு மூன்று நாள் ஆகாமல் குளிப்பாட்டவும் வேண்டாம், கக்கிவிடும்.

கூண்டுக்கு வருவோம். உள்ளே இருக்கும் மரப்பட்டை, பாசி, காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டிக் கட்டி, உடனே வீட்டுக்கு வெளியே குப்பையில் போட்டுவிடவேண்டும். நாளைக்கு என்று அறை மூலையில் வைத்தால் பை வழியாகவே வெளியே வந்துவிடும். மரத்துண்டுகளையும் தூக்கிப் போடச் சொல்வேன். மனசு வராது, ஆனால் வெடிப்புக்குள் இருக்கும் முட்டையை யாராலும் தேடி எடுக்க முடியாது. 50 டிகிரிக்கு மேல் இவை தாங்காது. அதனால் கல், பீங்கான், பிளாஸ்டிக் சாமான்களைக் கொதிக்கும் தண்ணீரில் போடலாம். கூண்டின் மூலை, பள்ளம், ஓட்டைகளைச் சூடான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடவேண்டும். அப்புறம் அடியில் வெறும் வெள்ளைச் சமையலறைக் காகிதம், ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா. அவ்வளவுதான். ஆறு வாரத்துக்கு அந்தப் பாம்பு அழகான கூண்டில் வாழவேண்டாம். வெள்ளைக் காகிதத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும் கண்ணில் படும், தினமும் மாற்றுவதும் சுலபம்.

இப்போது மருந்து. ஆஸ்திரேலிய அனுபவம் ஒன்று சொல்கிறேன். அந்த நாட்டுக்குப் போகும் விமானங்களில் பூச்சிமருந்து தெளிப்பார்களே, அந்த ஸ்பிரேயை அங்குள்ள பாம்பு வளர்ப்பவர்கள் வெகுகாலம் சிற்றுண்ணிக்குப் பயன்படுத்தினார்கள். பிறகு ஊர்வனக் கூண்டுகளுக்கென்றே ஸ்பிரேக்கள் கடைக்கு வந்தன. இவை பைரத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. அப்படி ஒன்றை வாங்கினால், பாம்பையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வேறு அறைக்கு எடுத்துப் போய்விட்டு, காலிக் கூண்டில்தான் அடிக்கவேண்டும். ஈரம் முழுக்கக் காய்ந்து, வாசனை போய், டப்பாவில் எழுதியிருக்கும் நேரமும் கடந்த பிறகே பாம்பு உள்ளே போகலாம். ‘கொஞ்சம் காய்ந்துவிட்டது, பரவாயில்லை’ என்ற பேச்சே கூடாது. மூடிய கூண்டுக்குள் அந்தப் புகையைத்தான் அது மணிக்கணக்கில் சுவாசிக்கும். அதே வீட்டில் யாராவது பூனை வளர்த்தால் இந்த வேலையை அந்த அறையில் செய்யவே வேண்டாம். இந்த வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். மீன் தொட்டி இருந்தாலும் அப்படித்தான்.

நாய்க்கான மருந்து ஏன் கூடாது என்று அவன் கேட்பான். நாய் மருந்து என்பது ஒரே பொருள் இல்லை. கழுத்தில் சொட்டு விடுவதில் ஒன்று இருக்கும், ஸ்பிரேயில் வேறொன்று இருக்கும். பாம்புக்கு எவ்வளவு என்று அந்த டப்பாவில் எழுதியிருக்காது. நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயைப் பாம்புக்குப் பயன்படுத்தும் மருத்துவர்கள் உண்டு, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் நேராக அடிப்பதில்லை. துணியில் தெளித்து, எடை பார்த்து, அந்தத் துணியால் துடைப்போம். அந்த ஸ்பிரேயில் ஆல்கஹால் இருக்கிறது, நேராக அடித்தால் தோல் எரியும், உடம்பு சட்டென்று குளிரும். தோல் உரிக்கப்போகும் பாம்புக்கும், மெலிந்து சோர்ந்த பாம்புக்கும் அதுவும் கிடையாது. (இங்கே முயல் வளர்ப்பவர்கள் இந்த வரியைக் கவனிக்கவும்: ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகவே ஆகாது.) ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி, வாய்வழி மாத்திரை போன்றவையும் இருக்கின்றன. எல்லாமே மருத்துவர் கையில் இருக்கவேண்டியவை. பெர்த்தில் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், மகன் ஒருமுறை போய் எடையும் பார்த்து வாங்கிவரட்டும்.

உங்கள் வேப்பெண்ணெய்க்கு வருகிறேன், அம்மா. நம் வீடுகளில் அதற்கு இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் பாம்பு நாக்கை நீட்டித்தான் உலகத்தை மோப்பம் பிடிக்கிறது. உடம்பு முழுக்க எண்ணெய் பூசினால் அதில் கொஞ்சம் வாய்க்குள் போகும், மூக்குத்துளையை அடைக்கும், அடுத்த தோல் உரிப்பும் கெடும். எண்ணெயில் சில உண்ணிகள் சாகலாம். இடுக்கில் இருக்கும் முட்டையை அது தொடவே தொடாது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்க்கும் இதே பதில்தான். கற்பூரம், பாச்சை உருண்டை இரண்டையும் கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பழைய முறை ஒன்று உண்டு, பூச்சிக்கொல்லிப் பட்டையைக் கூண்டில் தொங்கவிடுவது. அதிலிருப்பது டைகுளோர்வாஸ், நரம்பைத் தாக்கும் விஷம். யாராவது யோசனை சொன்னால் கேட்கவேண்டாம்.

தவறிப்போய் மருந்து அதிகமாகிவிட்டால் எப்படித் தெரியும்? தலை ஆடும், உடம்பு நடுங்கும், அண்ணாந்து பார்த்தபடியே இருக்கும். மல்லாக்கத் திருப்பினால் தானாகப் புரளத் தெரியாது. அப்படி ஏதாவது கண்டால் உடனே வெதுவெதுப்பான ஓடும் தண்ணீரில் உடம்பைக் கழுவி, காற்றோட்டமுள்ள சுத்தமான பெட்டியில் வைத்து, நேரே மருத்துவமனைக்கு. காலைவரை காத்திருக்கக் கூடாது.

இரண்டு வாரம் கழித்துக் கூண்டு வேலையை மறுபடியும் செய்யவேண்டும், ஏனென்றால் ஸ்பிரேக்கு முட்டைகள் தப்பிவிடும். புள்ளியே தெரியாவிட்டாலும் ஆறு வாரம் விடாமல் தொடரவேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்க்கட்டும். எடை குறைந்தாலும், வாயின் உட்புறம் வெளுத்திருந்தாலும் இரத்தம் போயிருக்கிறது என்று பொருள். இந்த உண்ணிகள் ஏரோமோனஸ் என்ற கிருமியை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக்கூடியவை, அதனால் சோர்வைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் எழுதாத கேள்வி ஒன்று மனசில் இருக்கும்: மகனைக் கடிக்குமா? கடிக்கலாம். கையில் சிறுசிறு சிவப்புத் தடிப்பு வரும், அரிக்கும். மனிதன் மேல் அவை குடியிருந்து பெருகாது. கூண்டு சுத்தமானதும் தடிப்பும் நின்றுவிடும்.

கேள்வி: மெல்பர்னில் படிக்கும் சிங்கப்பூர் மாணவி நான். என்னிடம் ஏற்கெனவே ஒரு கார்ப்பெட் மலைப்பாம்பு இருக்கிறது. இரண்டாவது ஒன்று வாங்கப் போகிறேன். உரிமத்துக்கு எழுதிவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா?
– ஒரு மாணவி

பதில்: குறைந்தது இரண்டு மாதம், முடிந்தால் மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள். வெள்ளைக் காகிதம் விரித்த எளிய கூண்டு. முதலில் பழைய பாம்புக்குச் சாப்பாடு, சுத்தம் எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் புதியதிடம் போங்கள். பிறகு கை கழுவி, உடை மாற்றுங்கள். கொக்கி, இடுக்கி, கிண்ணம் எதையும் இரண்டுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் கூண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதாக இருந்தால், மேலே உட்லண்ட்ஸ் அம்மாவுக்குச் சொன்ன சுத்தம் அத்தனையும் செய்த பிறகே வீட்டுக்குள் எடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மலாயாப் பெட்டி ஆமை வளர்க்கிறோம். கழுத்து மடிப்பில் ஓர் உண்ணி. நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டின் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எத்தனை சொட்டு கொடுக்கலாம்?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஒரு சொட்டும் கூடாது. ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். கைகால் துவண்டு, மூச்சு நின்று செத்துப்போகும். மிச்சமிருக்கும் அந்தப் புட்டியை ஆமையைக் கவனித்துக்கொள்பவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள், பிள்ளைகள் ஆர்வத்தில் கொடுத்துவிடப் போகிறார்கள். பாம்புக்குக் கொடுக்கும் மருந்து ஆமைக்கும் ஆகும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஊர்வன என்பதைத் தவிர அந்த எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை.

கூர்மையான இடுக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டினாற்போலப் பிடித்து, திருகாமல், மெதுவாக நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்பு, உப்பு எதுவும் வேண்டாம். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு காட்டவே மாட்டேன் என்றால் வம்பு செய்யாமல் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். எங்களுக்கு அது சில நிமிட வேலை.

கேள்வி: நண்பன் ஒருவன் தன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் யாருக்கும் தெரியாமல் கார்ன் பாம்பு வைத்திருக்கிறான். அதற்கும் சிற்றுண்ணி. மருத்துவரிடம் போகப் பயப்படுகிறான். என்ன மருந்து என்று மட்டும் சொன்னால் நானே வாங்கிக் கொடுத்துவிடுவேன்.
– பெயர் வேண்டாம்

பதில்: சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் செல்லப்பிராணியாக அனுமதிக்கப்பட்டவை இரண்டே இரண்டு: காதோரம் சிவப்புக் கோடு உள்ள டெராப்பின் ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. உங்கள் நண்பருக்கு இது தெரியும், அதனால்தான் ஒளிக்கிறார். நான் திட்டப்போவதில்லை. அந்தப் பாம்பின் பக்கம் நின்று பேசுகிறேன்.

மேலே எழுதியிருக்கும் வைத்தியத்தைப் படித்தீர்களா? எடை பார்க்கவேண்டும், மருத்துவர் அளவு சொல்லவேண்டும், நடுங்கினால் நள்ளிரவிலும் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு வளர்ப்பவரால் இதில் எதையும் செய்ய முடியாது. இணையத்தில் எதையோ வாங்கி அடிப்பார், அது சரிப்படாவிட்டால் இன்னொன்றை அடிப்பார். அந்தப் பிராணி கூண்டுக்குள் தப்பிக்க வழியில்லாமல் அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருக்கும். இந்த மருந்தை வாங்கிக் கொடுங்கள் என்று என்னால் சொல்லமுடியாததற்கு அதுவே காரணம்.

தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைத்து, பாம்பை ஒப்படைக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் கூடவே நில்லுங்கள். நண்பர் என்பவர் செய்யவேண்டிய உதவி அது. ஒன்றே ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பயத்தில் அதைக் கால்வாயிலோ பூங்காவிலோ விட்டுவிடுவது. கார்ன் பாம்பு அமெரிக்காவைச் சேர்ந்தது. இங்கே தாக்குப்பிடிக்காமல் சாகலாம். தாக்குப்பிடித்தால் நம் காட்டுப் பாம்புகளுக்குச் சிற்றுண்ணியையும் நோயையும் கொடுக்கலாம். பச்சைக் கொம்பேறிகளும் மலைப்பாம்புகளும் இந்தச் சின்னத் தீவில் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு வாழ்கின்றன.

கேள்வி: ஈசூனில் எங்கள் புளோக் பக்கத்துச் சாக்கடையில் ஒரு பெரிய மலைப்பாம்பு. செதிலுக்கு நடுவே உண்ணிகள் தெரிகின்றன. பாவமாக இருக்கிறது. பிடித்துச் சுத்தம் செய்து விடலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: தொடாதீர்கள். காட்டில் வாழும் மலைப்பாம்புகள், உடும்புகள் மேல் சில உண்ணிகள் இருப்பது இயல்பு, பெரும்பாலும் அவற்றோடு நன்றாகவே வாழ்கின்றன. கூண்டுக்குள் அடைபட்ட பாம்புக்குத்தான் சிற்றுண்ணி ஆபத்தாக முடிகிறது, ஏனென்றால் அதனால் இடம் மாறிப் போகமுடியாது. சாக்கடையில் இருப்பது எலி தேடி வந்திருக்கும். தன் வழியில் போகும் பாம்பை விட்டுவிடுங்கள். நாயோடு நடப்பவர்கள் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போங்கள். காயம் பட்டிருந்தாலோ, வீட்டுக்குள் அல்லது படிக்கட்டுக்கு வந்துவிட்டாலோ மேலே கொடுத்த எண்ணை அழையுங்கள், அல்லது ஏக்கர்ஸ் அமைப்பின் வனவிலங்கு மீட்பு எண் 9783 7782. ஆள் வரும்வரை தூரத்தில் நின்று அது எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.